புறநகர் வீடு: கேட்கிற விலை சரியா, தெரு சரியா?

கேள்வி
மே 6, இரவு 9.40

நகரத்தை விட்டுத் தள்ளி ஒரு வீடு பார்த்திருக்கிறோம். மூன்று படுக்கையறை, கட்டி 22 வருடம். இரண்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ப் பார்த்தோம், வீட்டில் எல்லாருக்கும் பிடித்துவிட்டது. சமையலறையைப் புதுசாக மாற்றியிருக்கிறார்கள், மனைவியின் மனம் விழுந்தது அதில்தான். தரகர் இரண்டு விஷயம் சொல்கிறார். ஒன்று, இந்தப் பக்கம் எந்தக் காலத்திலும் விலை இறங்கியதே இல்லை. இரண்டு, இன்னொரு குடும்பம் முன்பணத்தோடு தயாராக நிற்கிறது. கேட்கிற விலை நியாயமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அக்கம்பக்கம் நல்லதுதானா என்று எதை வைத்துச் சொல்வது? பிள்ளைகள் இரண்டு பேர், 9 வயது, 5 வயது.

பதில்
மே 6, இரவு 10.30

"எந்தக் காலத்திலும் இறங்கியதே இல்லை" என்பவரிடம், அவர் இந்தத் தொழிலுக்கு வந்து எத்தனை வருடம் என்று கேளுங்கள். அவருடைய எந்தக் காலமும் அவ்வளவுதான்.

ஆம்ஸ்டர்டாமில் ஹெரன்ஹ்ராக்ட் என்று ஒரு கால்வாய் இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டிலிருந்து அதன் கரை பணக்காரர்களின் முகவரி. அங்கே கைமாறிய வீடுகளின் விலையை 1628 முதல் 1973 வரை பீட் ஐக்ஹோல்ட்ஸ் என்ற பொருளாதார அறிஞர் தொகுத்துப் பார்த்தார். பணவீக்கத்தைக் கழித்தால் அந்த 345 வருடத்தில் விலை ஏறியது ஏறக்குறைய இரண்டு மடங்கு. வருடத்துக்கு 0.2 சதவீதம். நடுவில் இறங்கிக்கொண்டே போன காலங்களும் உண்டு. ஜப்பானில் 1991க்குப் பிறகு நிலத்தின் விலை பத்து வருடத்துக்கு மேல் சரிந்துகொண்டே இருந்தது. அதற்கு முந்தைய வருடம் வரை அங்கேயும் யாரோ ஒருவர் உங்கள் தரகர் சொன்னதைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருப்பார்.

விலை ஏறாது என்று நான் சொல்லவில்லை. ஏறும் என்ற பேச்சுக்குத் தனியாகக் காசு கொடுக்காதீர்கள் என்கிறேன். மீதி நாளைக்கு.

மே 7, காலை 7.05

விலைக்கு வருவோம். ஒரு சங்கடம் ஏற்கெனவே நடந்துவிட்டது: கேட்கிற விலை உங்கள் காதில் விழுந்துவிட்டது. இனி நீங்கள் எந்தக் கணக்குப் போட்டாலும் அது அந்த எண்ணைச் சுற்றியே வரும்.

1987இல் நார்த்கிராஃப்ட், நீல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்காவின் டூசன் நகரில் ஒரு சோதனை செய்தார்கள். ஒரே வீட்டை மாணவர்களுக்கும் தொழில்முறைத் தரகர்களுக்கும் காட்டி மதிப்புப் போடச் சொன்னார்கள். கையில் கொடுத்த விவரம் எல்லாருக்கும் ஒன்றுதான், கேட்கிற விலை மட்டும் ஆளுக்கு ஆள் வேறு. அதிக விலையைப் பார்த்தவர்கள் அதிகமாகப் போட்டார்கள், குறைந்த விலையைப் பார்த்தவர்கள் குறைவாகப் போட்டார்கள். தரகர்களும் அப்படித்தான். விசாரித்தால், அந்த விலையை நாங்கள் கணக்கிலேயே எடுக்கவில்லை என்று பெரும்பாலான தரகர்கள் சொன்னார்கள். தொழில் தெரிந்தவர்களுக்கே இந்தக் கதி.

அதனால் விலை தெரியாத ஒருவரைப் பிடியுங்கள், மைத்துனரோ நண்பரோ. வீட்டின் அளவு, வயது, தெரு எல்லாம் சொல்லுங்கள், விலையை மட்டும் சொல்லாதீர்கள். அந்தப் பக்கம் அண்மையில் விற்று முடிந்த மூன்று நான்கு வீடுகளின் விவரத்தைக் கொடுத்து, இதற்கு எவ்வளவு தரலாம் என்று காகிதத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

அந்த மூன்று நான்கு வீடுகளைத் தேர்ந்தெடுப்பதில்தான் வேலையே. ஆறு மாதத்துக்குள் விற்றதாக, நடந்து போகிற தூரத்தில் இருப்பதாக, ஏறக்குறைய அதே வயது, அதே அளவு உள்ளதாக இருக்க வேண்டும். விளம்பரத்தில் நிற்கிற விலை வெறும் ஆசை, பணம் கைமாறிய விலைதான் விலை. பத்திரத்தில் குறைத்துக் காட்டுவது நடக்கிற இடமாக இருந்தால் வாங்கியவரையே தேடிப் பேச வேண்டியிருக்கும். புதிதாக வீடு வாங்கியவர்கள் பேசுவார்கள். தாங்கள் சரியாகத்தான் வாங்கினோம் என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்று அவர்களும் காத்திருப்பார்கள்.

அப்புறம் வித்தியாசத்தைச் சரிக்கட்ட வேண்டும். விற்ற வீட்டில் ஒரு குளியலறை அதிகம் இருந்தால் அதன் மதிப்பை அந்த விலையோடு கூட்டுங்கள், கார் நிறுத்த இடம் இல்லாவிட்டால் கழியுங்கள்.

சதுர அடிக்கு இவ்வளவு என்று பெருக்கிவிட்டு முடித்துவிடாதீர்கள். ஒரே தெருவில் சின்ன வீட்டுக்குச் சதுர அடி விலை அதிகமாகவும் பெரிய வீட்டுக்குக் குறைவாகவும் வரும். நிலம், கூரை, சமையலறை, நீர்க்குழாய் எல்லாம் இரண்டுக்கும் ஒரு தடவைதானே. கூடுதலாக ஒரு அறையை நீட்டிக் கட்டுவது அவ்வளவு செலவில்லை.

மே 7, மதியம் 1.15

"இன்னொரு குடும்பம்" பற்றி. இருக்கலாம். நானே ஒருமுறை அந்த இன்னொரு குடும்பமாக இருந்திருக்கிறேன், எனக்கே தெரியாமல். ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு "யோசித்துச் சொல்கிறோம்" என்று வந்துவிட்டேன். கொஞ்ச நாள் கழித்து அதை வாங்கிய நண்பர் சொன்னார், "வேறொருத்தர் முன்பணத்தோடு நிற்கிறார் என்று அவசரப்படுத்தினார்கள், நானும் கொடுத்துவிட்டேன்." தேதியைச் சேர்த்துப் பார்த்தால் அந்த வேறொருத்தர் நான்தான். அன்று என் சட்டைப்பையில் இருந்தது திரும்பி வர பஸ் காசு.

மே 8, காலை 6.40

மனைவி சமையலறையில் விழுந்தார் என்று எழுதியிருந்தீர்கள். நாங்களும் அங்கேதான் விழுந்தோம், அதனால் இதைக் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

ஒரு வீட்டுக்கு ஒரு விலை சொன்னாலும் உள்ளே இருப்பது இரண்டு விலை. ஒன்று கட்டடத்துக்கு, இன்னொன்று அது நிற்கிற இடத்துக்கு. இன்றைக்கு அதே வீட்டைப் புதிதாகக் கட்ட என்ன ஆகும் என்று ஒரு கட்டடக்காரரிடம் கேளுங்கள். கேட்கிற விலை 100 என்றால் அவர் 50 என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். 22 வருடத் தேய்மானத்தைக் கழித்தால் 35 நிற்கும். மீதி 65ஐ எதற்குக் கொடுக்கிறீர்கள்? தெருவுக்கு, பள்ளிக்கு, காற்றுக்கு, வேலைக்குப் போகிற வழிக்கு, பக்கத்து வீட்டுக்காரருக்கு. கட்டடம் வருடா வருடம் தேய்ந்துகொண்டே போகும். ஏறினால் அந்த 65தான் ஏறும், கவிழ்த்தாலும் அதுதான் கவிழ்க்கும்.

எங்கள் முதல் வீட்டை 40 நிமிடம் பார்த்தோம். அதில் 25 நிமிடம் சமையலறையிலும் குளியலறையிலும். பின்பக்க ஜன்னலை ஒரே ஒரு தடவை திறந்தேன். மரங்களோடு ஒரு காலிமனை. வெயில் வந்தது, காற்று வந்தது. "அங்கே எதுவும் வராது" என்றார் விற்றவர். அவரைப் பொய்யர் என்று சொல்ல மாட்டேன், அவர் இருந்தவரை எதுவும் வரவில்லைதான். மூன்றாம் வருடம் அஸ்திவாரம் தோண்டினார்கள். நான்காம் வருடம் நான்கு மாடி. காலை வெயில் எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திக்கொண்டது. துணி காய மதியமாகும், மழைக்காலத்தில் மறுநாள் ஆகும். பிற்பாடு ஒருநாள் நிலப் பயன்பாட்டு வரைபடத்தைப் பார்க்கப் போனேன். அந்த மனை அடுக்குமாடிக்கு என்று நாங்கள் வாங்குவதற்கு முன்பிருந்தே நிறம் தீட்டி வைத்திருந்தார்கள். யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். அரை மணி நேர வேலை.

அந்தச் சமையலறை? இரண்டாம் மழைக்காலத்தில் அலமாரிக் கதவெல்லாம் ஊதிக்கொண்டது. விற்பதற்காகவே போட்ட பலகை.

மே 8, இரவு 11.40

படுக்கப் போகும்போது உறைத்தது. நேற்று காலை எழுதியதில் கூட்டலையும் கழித்தலையும் தலைகீழாக எழுதிவிட்டேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது.

சரியான முறை இது. விற்ற வீடு 100க்குப் போனது, அதில் ஒரு குளியலறை அதிகம். உங்களுடையதில் அது இல்லை. ஆகவே அந்தக் குளியலறையின் மதிப்பைக் கழிக்க வேண்டும். 4 என்றால் 96. உங்கள் வீட்டில் கார் நிறுத்த இடம் இருந்து அந்த வீட்டில் இல்லையென்றால் கூட்ட வேண்டும். விற்ற வீட்டை உங்கள் வீடாக மாற்றிப் பார்க்கிறோம், அவ்வளவுதான்.

இரண்டாவது வீடு வாங்கும்போதும் இதே தப்பைக் காகிதத்தில் செய்து, கூடுதலாகக் கொடுக்க இருந்தேன். கண்டுபிடித்தது மனைவி. அவருக்குத் தையல் தெரியும். "பெரியவன் சட்டையைச் சின்னவனுக்குப் போட வெட்டத்தானே செய்வோம், துணி ஒட்டுவோமா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு மறக்க மாட்டேன் என்று நினைத்திருந்தேன்.

மே 10, காலை 9.20

விரிசல் இருந்தால் ஓடிவந்துவிட வேண்டுமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஓடினால் எந்த வீட்டிலும் குடியிருக்க முடியாது.

பிரிட்டனின் கட்டட ஆராய்ச்சி நிலையம் விரிசல்களை அகலத்தை வைத்து வகை பிரித்திருக்கிறது. 0.1 மில்லிமீட்டருக்குள் இருப்பது மயிரிழை, பேச வேண்டியதே இல்லை. 5 மில்லிமீட்டர் வரை அடைத்துப் பூசிவிடலாம். 5 முதல் 15 வரை கொத்தனாருக்கு உருப்படியான வேலை. 25ஐத் தாண்டினால் சுவரே நிற்குமா என்ற கேள்வி வந்துவிடும். அகலம் மட்டும் போதாது, விரிசல் ஓடுகிற திசையும் வேண்டும். ஜன்னல், கதவு மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பி, செங்கல் இணைப்பில் படிப்படியாக ஏறி, ஒரு முனையில் அகன்று இருந்தால் அஸ்திவாரம் அசைந்திருக்கலாம். பக்கத்துக் கதவைச் சாத்திப் பாருங்கள், இடிக்கும். விரிசலுக்குள் பழைய பெயின்டும் தூசியும் இருந்தால் அது பழைய கதை. விளிம்பு கூர்மையாக, உள்ளே சுத்தமாக இருந்தால் இன்னும் முடியாத கதை.

எனக்கு விரிசலைவிடத் தண்ணீர்தான் பயம். சுவரின் அடியில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறதா, அறைக்குள் நுழைந்ததும் மூக்குக்கு ஈர நெடி வருகிறதா, நான்கு சுவரில் ஒன்றுக்கு மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருக்கிறார்களா. மூன்றாவதுதான் என்னை எப்போதும் நிறுத்தும். வெளியே வந்து தெருவில் நில்லுங்கள். தரை வீட்டை நோக்கிச் சரிகிறதா, வீட்டை விட்டு வெளியே சரிகிறதா? தெருவிலேயே தாழ்ந்த வீடு இதுதானா? மழை பெய்கிற நாளில் குடையோடு போய்ப் பார்ப்பதற்கு ஈடு எதுவும் இல்லை. விற்பவர் ஆச்சரியப்படுவார், படட்டும்.

"நூறு வருடத்துக்கு ஒருமுறை வருகிற வெள்ளம்தான் இங்கே வரும்" என்று சொன்னால் ஆறுதல் அடையாதீர்கள். நூறு வருடத்துக்கு ஒருமுறை என்பது ஒவ்வொரு வருடமும் 1 சதவீத வாய்ப்பு. 30 வருடக் கடன் கட்டி முடிப்பதற்குள் ஒரு தடவையாவது வந்துவிடும் வாய்ப்பு 26 சதவீதம். நாலில் ஒன்று.

இவ்வளவையும் நாமே பார்த்த பிறகும் ஒரு கட்டடப் பொறியாளரைக் காசு கொடுத்துக் கூட்டிப் போங்கள். தரகர் சொல்கிற பொறியாளர் வேண்டாம்.

மே 11, இரவு 8.15

ரயில் பாதை அரை கிலோமீட்டரில் இருக்கிறது, ஆனால் சத்தமே கேட்கவில்லை என்று நேற்று எழுதியிருந்தீர்கள். எப்போது போனீர்கள்? ஞாயிறு காலை. எந்தத் தெருவும் ஞாயிறு காலையில் போட்டோவுக்கு நிற்பது போலத்தான் நிற்கும்.

சத்தத்துக்கு ஒரு குணம் உண்டு. பகலில் தரை சூடாக, மேலே காற்று குளிர்ந்திருக்கும். ஒலி மேல்நோக்கி வளைந்து நம் தலைக்கு மேல் போய்விடும். தெளிந்த, காற்றில்லாத இரவில் தரையொட்டிய காற்று குளிர்ந்து மேலே சூடு நிற்கும், ஒலி கீழ்நோக்கி வளைந்து வரும். பகலில் கேட்காத ரயிலும் நெடுஞ்சாலையும் இரவில் பக்கத்தில் வந்து உட்கார்வது இதனால்தான். சுற்றிலும் மற்ற சத்தம் அடங்கிப்போவது கூடுதல் காரணம். 10 டெசிபல் ஏறினால் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்றும். விளம்பரத்தில் 10 சின்ன எண்ணாகத்தான் தெரியும்.

ஆகவே ஒரு வேலைநாள் இரவு பத்தரைக்குப் போய், காரை அணைத்துவிட்டு, ஜன்னலை இறக்கிப் பதினைந்து நிமிடம் உட்காருங்கள். அப்புறம் திங்கள் காலை எட்டு மணிக்கு அந்த வீட்டு வாசலிலிருந்து உங்கள் அலுவலகத்துக்கு நிஜமாகவே ஒருமுறை போய் வாருங்கள். வரைபடத்தில் காட்டுகிற 35 நிமிடத்தை நம்ப வேண்டாம்.

இப்போதைய பயணத்தைவிட ஒரு வழிக்கு 20 நிமிடம் கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு 40 நிமிடம், வருடத்துக்கு 230 வேலைநாள். 153 மணி நேரம். பகலும் இரவுமாக ஆறு நாளுக்கு மேல் காரிலேயே குடியிருப்பது போல. 2004இல் டேனியல் கானமன் என்ற உளவியல் அறிஞரும் கூட்டாளிகளும் டெக்சஸில் வேலைக்குப் போகும் 909 பெண்களிடம், முந்தைய நாளின் ஒவ்வொரு வேலையின்போதும் மனநிலை எப்படி இருந்தது என்று கேட்டார்கள். கடைசி இடத்தில் வந்தது காலையில் வேலைக்குப் போகிற பயணம். பெரிய வீட்டுக்குப் பழகிவிடுவோம், இரண்டு மாதத்தில் அது வெறும் வீடாகிவிடும். போக்குவரத்து நெரிசலுக்குப் பழகியவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

மே 12, காலை 7.30

வீட்டு விளம்பரம் படிக்கிறவர்களுக்கு, அவசரத்துக்கு ஒரு சின்ன அகராதி. "அமைதியான பகுதி": பஸ் வராது. "வளர்ந்து வரும் பகுதி": பத்து வருடத்துக்குத் தூசி. "இயற்கை சூழ்ந்த": கொசு. "கையடக்கமான வீடு": ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்தால் சமையலறைக் கதவு திறக்காது. "நகரத்துக்கு 20 நிமிடம்": விடியற்காலை நாலு மணிக்கு.

மே 14, இரவு 9.50

அக்கம்பக்கம் பற்றிக் கேட்டதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். எனக்கு இதில் அவ்வளவு தன்னம்பிக்கை இல்லை.

"இந்தப் பகுதி எப்படி?" என்று கேட்காதீர்கள். எல்லாரும் நல்லது என்பார்கள். அவர்களுடைய வீட்டு விலையும் அதில்தானே தொங்குகிறது. பதில் சொல்ல யோசிக்க வேண்டியிருக்கிற கேள்வியைக் கேளுங்கள்: கடைசியாக இந்தத் தெருவில் எப்போது தண்ணீர் நின்றது? மின்சாரம் போனால் எவ்வளவு நேரம் ஆகும்? உங்களுக்கு முன்னால் இந்த வீட்டில் இருந்தவர்கள் ஏன் போனார்கள்? எங்கள் இரண்டாவது வீட்டுத் தெருவில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் சும்மா வழி கேட்பது போல நின்றேன். கால் மணி நேரத்தில் எந்தப் பக்கச் சாக்கடை அடைக்கும், எந்த வீட்டில் நாய் குரைக்கும், யார் யாரோடு பேசுவதில்லை என்று மொத்தத் தெருவும் வந்துவிட்டது. நாங்கள் வாங்க இருந்த வீட்டுக்காரருக்கும் இடது பக்கத்து வீட்டுக்காரருக்கும் எல்லைச் சுவர் பற்றி எட்டு வருடப் பகை என்பதையும் அவர்தான் சொன்னார். வேறொருவர் சண்டையைப் பத்திரத்தோடு சேர்த்து வாங்குவதற்கு முன் அளவையாளரைக் கூட்டிப்போய் அளந்தோம். சுவர் எங்கள் பக்கம்தான் தப்பாக நின்றது, ஒரு முழம்.

தெருவில் ஒரே நேரத்தில் நாலைந்து வீடு விற்பனைக்கு இருந்தால் காரணத்தைத் தேடுங்கள்.

இனி எனக்கு உறுத்துகிற பகுதி. பல வருடத்துக்கு முன் ஒரு நல்ல வீட்டை வேண்டாம் என்று விட்டோம். காரணம், தெருமுனையில் ஆறேழு இளைஞர்கள் சும்மா நின்றுகொண்டிருந்தார்கள். அதே தெருவில் என் நண்பர் பிறகு வாங்கினார். அவர் அம்மா விழுந்து இடுப்பு உடைந்தபோது தூக்கிக்கொண்டு ஓடியது அந்த முனைப் பையன்கள்தான். தெருவைப் பார்த்ததாக நினைத்துக்கொண்டு என் பயத்தைத்தான் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். அதற்குப் பிறகு நான் கண்ணால் பார்த்ததை நம்புவது குறைந்துவிட்டது, எண்ணிப் பார்க்க முடிவதைத்தான் எண்ணுகிறேன்: எத்தனை தெருவிளக்கு எரிகிறது, மாலை ஆறு மணிக்குத் தெருவில் எத்தனை பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள், எத்தனை பேர் தனியாக நடக்கிறார்கள். விளிம்பு வெட்டிய புல்வெளி எதையும் சொல்வதில்லை.

பள்ளி. பிள்ளைகள் 9, 5 என்றீர்கள், ஆகவே இது முக்கியம். சாண்ட்ரா பிளாக் என்ற பொருளாதார அறிஞர் 1999இல் பாஸ்டன் புறநகர்களில் பள்ளி எல்லைக் கோட்டின் இருபுறமும் இருந்த வீடுகளை ஒப்பிட்டார். ஒரே அக்கம்பக்கம், பிள்ளை போகிற தொடக்கப் பள்ளி மட்டும் வேறு. தேர்வு மதிப்பெண் 5 சதவீதம் கூடுதலான பள்ளிக்குப் பெற்றோர் வீட்டு விலையில் 2.5 சதவீதம் அதிகம் கொடுத்தார்கள். அதாவது முகவரியை வைத்துப் பள்ளியில் சேர்க்கிற இடமாக இருந்தால், பள்ளிக் கட்டணத்தின் ஒரு பகுதி வீட்டு விலைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. ஆனால் எல்லைக் கோட்டை அதிகாரிகள் திருப்பி வரையலாம். கோட்டை ஒட்டிய வீடு என்றால் அதிகம் கொடுக்காதீர்கள். உங்கள் பெரிய பிள்ளைக்கு அந்தப் பள்ளியில் இன்னும் எத்தனை வருடம் என்றும் பாருங்கள். ஒன்றிரண்டுதான் என்றால் கணக்கு சின்னவனுக்கு மட்டும்தான். (சின்னவனா சின்னவளா, நீங்கள் சொல்லவில்லை.)

மே 15, மதியம் 12.40

வாடகைக்கு இருப்பதே புத்திசாலித்தனம் என்று ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். பாதி ஒத்துக்கொள்கிறேன். அதே போன்ற வீட்டின் ஒரு வருட வாடகையால் விலையை வகுத்துப் பாருங்கள். 15க்குக் கீழே வந்தால் வாங்குவது பக்கம், 20க்கு மேலே போனால் வாடகை பக்கம் என்று ஒரு தோராய விதி புழக்கத்தில் இருக்கிறது. இது எல்லா ஊருக்கும் பொருந்தாது. வட்டி விகிதம் மாறினால் எல்லையும் மாறும். எனக்கு இது பயன்படுவது வேறு விதத்தில்: ஒரே பகுதியில் இரண்டு வீட்டை ஒப்பிடும்போது. ஒன்றுக்கு 22, மற்றதற்கு 31 வந்தால், 31இல் யாரோ எதிர்காலத்தை விற்கிறார்கள்.

பராமரிப்புக்கு வருடம் வீட்டு விலையில் 1 சதவீதம் என்று ஒதுக்குவதும் வழக்கமான தோராயம். 22 வருட வீட்டுக்கு அது போதாது என்பது என் அனுபவம். கூரை, நீர்க்குழாய், மின்கம்பி மூன்றும் ஒரே காலத்தில்தான் கிழவனாகும். கடைசியாக எதை எப்போது மாற்றினார்கள் என்று ரசீதோடு கேளுங்கள்.

வாடகைக்காரரிடம் ஒன்றில் மட்டும் தோற்றுவிடுகிறேன். பின்னால் நாலு மாடி எழும்பினால் அவர் அடுத்த மாதம் வண்டி பிடித்துப் போய்விடலாம். எனக்கு அந்த வீட்டை விற்க 14 மாதம் ஆனது.

மே 18, காலை 6.15

பேரம் பேசப் போகிறீர்கள் என்று தெரிகிறது, அதனால் இரண்டு விஷயம்.

தரகர் கெட்டவர் இல்லை, அவருக்கு அவசரம். லெவிட், சிவர்சன் என்ற இருவர் சிகாகோ பக்கம் ஏறக்குறைய ஒரு லட்சம் வீட்டு விற்பனைகளை எடுத்துப் பார்த்து 2008இல் எழுதினார்கள். தரகர்கள் சொந்த வீட்டை விற்கும்போது சராசரியாக 9.5 நாள் கூடுதலாகக் காத்திருக்கிறார்கள், 3.7 சதவீதம் அதிக விலைக்கு விற்கிறார்கள். அடுத்தவர் வீடு என்றால் சீக்கிரம் முடித்துவிடுவோம் என்று சொல்கிறார்கள். சொந்தப் பணத்துக்குத்தான் பொறுமை வருகிறது. நீங்கள் வாங்குகிறவர், இந்த அவசரம் உங்களுக்குச் சாதகமாகவும் வேலை செய்யும். எத்தனை நாளாக அந்த வீடு விற்பனைக்கு நிற்கிறது என்று கண்டுபிடியுங்கள். 90 நாள் நின்ற வீட்டுக்கும் நேற்று வந்த வீட்டுக்கும் ஒரே மாதிரிப் பேசக் கூடாது.

இரண்டாவது, போட்டி வந்தால். எண்ணெய் வயல் ஏலத்தில் வென்ற நிறுவனங்களுக்கு ஏன் எதிர்பார்த்த லாபம் வரவில்லை என்று 1971இல் மூன்று எண்ணெய்ப் பொறியாளர்கள் ஒரு விளக்கம் எழுதினார்கள். பத்துப் பேர் மதிப்புப் போட்டால் சிலர் கூடவும் சிலர் குறையவும் போடுவார்கள், ஏலத்தில் வெல்வது மிக அதிகமாகத் தப்புக் கணக்குப் போட்டவர். வீட்டுக்கும் அதேதான். ஐந்து குடும்பம் மோதி நீங்கள் ஜெயித்தால், மற்ற நாலு பேருக்கும் அந்த விலை அதிகமாகப் பட்டிருக்கிறது என்று அர்த்தம். ஆகவே இதற்கு மேல் தர மாட்டேன் என்கிற எண்ணை, பேரத்துக்குப் போவதற்கு முன்பே எழுதி, கையெழுத்துப் போட்டு, கூட வராத ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். எங்கள் வீட்டில் அந்தக் காகிதம் தையல் பெட்டிக்குள் இருந்தது. அன்று நான் போனில் கெஞ்சியும் மனைவி அதைத் திருத்த விடவில்லை. அந்த வீடு கைவிட்டுப்போனது. ஒரு மாதம் பேசாமல் இருந்தேன். இப்போது அந்தப் பக்கம் போனால் வீட்டைப் பார்த்துக்கொண்டேதான் போகிறேன், அது நல்ல வீடுதான்.

மே 27, இரவு 10.10

கேள்வி கேட்டவர் நேற்று எழுதியதைப் பார்த்தேன். வேலைநாள் இரவு பத்தரைக்குக் குடும்பத்தோடு போய் நின்றார்களாம். 10.42க்கு ரயில், ஜன்னல் கண்ணாடி லேசாக அதிர்ந்ததாம். அப்பாடா, ஒன்றாவது பலித்தது என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தால் அடுத்த வரி: மனைவிக்கு இன்னும் அதிகமாகப் பிடித்துவிட்டது. ரயில் பாதைப் பக்கத்தில் வளர்ந்தவராம், கல்யாணத்துக்குப் பிறகு சரியாகத் தூக்கமே வந்ததில்லையாம். சின்னவள் (மகள்தானாம்) கையாட்டினாளாம்.

நான் கழிக்கச் சொன்ன இடத்தில் அவர்கள் கூட்டிக்கொள்கிறார்கள். கூட்டிக்கொள்ளட்டும், அது அவர்கள் தூக்கம். தரகர் எதிரில் மட்டும் ரயிலைக் கழித்தே பேசுங்கள். மனைவியை அன்றைக்குக் கூட்டிப்போக வேண்டாம்.